கல்லுப்பட்டி மாந்தோப்பில் ஸ்டெல்லா பாடினாள்

இசை கேட்கப் போனேன் என்று எழுதினால் அது பொய். போன மாதம், மழை விட்ட ஒரு சனிக்கிழமையில் டி. கல்லுப்பட்டி மாந்தோப்பில் நடக்கும் மேளத் திருவிழாவுக்கு நான் போனதற்குக் காரணம் ஸ்டெல்லா. அவள் எங்கள் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர், நான் அங்கேயே ஆபீஸ் கிளார்க். சமயநல்லூர் சபையின் பாடகர் குழுவான கொயரில் இருவரும் ஒரே வரிசையில் நின்றவர்கள். கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸில் தனியாகப் பாடும் சோலோ எப்போதும் அவளுக்குத்தான். இரண்டு வருடம் முன்னால் அவள் நையாண்டி மேளக் குழுவில் சேர்ந்து ஊர்த் திருவிழாக்களில் பாடப் போனாள். சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். அவள் கொயருக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள், சோலோ எனக்கு வந்தது.

இந்த வருடம் கொயர் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "ஜெயா, ஸ்டெல்லா வந்தா நல்லாருக்கும்மா. நீயே போய்க் கேட்டுட்டு வா. அவ மாட்டேன்னா நீயே பாடிரு." ஆள் பார்த்து அனுப்பினார் பாருங்கள்! பள்ளியில் கேட்டால் உடனே சரி என்றுவிடுவாளோ என்ற பயத்தில், மேளத்துக்கு நடுவில் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். அவள் மாட்டேன் என்று சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

போகும் வழி சுலபம். சமயநல்லூரிலிருந்து காளவாசலுக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கே இறங்கித் திருமங்கலம் பஸ், திருமங்கலத்தில் மாறி ராஜபாளையம் பஸ். காளவாசல் நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பட்டியிலிருந்து தோப்பு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"மேளத்துக்கா போறீங்க?" என்றார் ஆட்டோக்காரர். "ஒரு டீச்சரம்மா பாடுது பாருங்க, அம்புட்டு சனமும் அதுக்காகத்தான் வருது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை வருமா அண்ணே என்று பேச்சை மாற்றினேன்.

மாமரங்களுக்கு நடுவே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மேடை என்பது இடுப்பளவு மண்மேடு, அவ்வளவுதான். ஓரத்தில் வைக்கோல் மூட்டிப் பறையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒயிலாட்டம் முடிந்ததும் பறை, பறை முடிந்ததும் மேளம் என்று காலை பத்து மணியிலிருந்து ஒரே அதிர்வு. சனம் நினைத்தபோது எழுந்து ஆடியது, களைத்தபோது பருத்திப்பால் குடித்தது. யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

பிறகு ஸ்டெல்லா வந்தாள். வெறுங்கால், தலை நிறையக் கனகாம்பரம், கையில் பாட்டுத்தாள் கிடையாது. கொயரில் புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றவளா இவள்! குரல் தவறாதா என்று ஒரு மாமரத்துக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவறவில்லை. பாவி, முன்னைவிட நன்றாகப் பாடினாள். என் பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக யாராவது ஒரு நாள் கண்ணைத் துடைத்திருக்கிறார்களா?

மூன்றாவது பாட்டில் பின்பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்டெல்லா கூட்டத்தைக் கண்ணால் துழாவினாள். "ஏ ஜெயா! மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சது போதும், மேல வாடி!"

தப்பிக்க வழியில்லை. மேலே போய், குழுத் தலைவரான தவில் முத்தையா அண்ணனிடம் சுருதி என்ன என்று கேட்டேன். "நாயனத்தக் கேட்டுப் பாடு தாயி," என்றார். காற்று அடித்துக்கொண்டுபோன சேலையைத் தேடி ஒருத்தி ஊர் ஊராக அலைகிற பாட்டு. ஸ்டெல்லா வரியை முடிப்பதற்குள் நான் பிடிக்க வேண்டும். இரண்டு தடவை பிந்தினேன், அப்புறம் பிடித்துக்கொண்டேன். கடைசி வரியை இருவரும் இழுத்து நிறுத்தினோம்.

எங்கள் சபையில் ஆமென் பாடாமல் எந்தப் பாட்டும் முடியாது. முப்பது வருடப் பழக்கம், என்னை அறியாமல் "ஆ...மென்" என்று இழுத்துவிட்டேன். உடல் கூசிப்போனது. ஆனால் அதே நொடியில் பக்கத்தில் ஆல்ட்டோவில், தணிந்த குரலில், இன்னொரு ஆமென் கேட்டது. ஸ்டெல்லாவும் பாடியிருந்தாள்! தோப்பே சிரித்தது. நாயனக்காரர் அந்த ஆமெனை அப்படியே வாங்கி வாசிக்க, தவிலும் சேர்ந்துகொள்ள, சனம் அதற்கும் ஆடியது.

மாமரத்தடியில் தண்ணீர் குடிக்கும்போது, கேட்காமலே திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கேட்டாலும் மாட்டேன் என்றுதானே சொல்லப்போகிறாள்? இவ்வளவு கைதட்டல் இருக்கிறவளுக்கு எங்கள் சோலோ எதற்கு? அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா செம்பைக் கீழே வைத்தாள். "மாஸ்டரா கூப்பிட்டாரு? மெய்யாவா? ரெண்டு வருசமா ஒரு ஆளு வான்னு சொல்லலடி. போன கேரலுக்கு வெளிய வாசல்ல நின்னுதான் ஒன் பாட்டக் கேட்டேன். வயித்தெரிச்சல் தாங்காம பாதியிலேயே போயிட்டேன்." அழுதாள். "வாரேன்னு சொல்லு. கட்டாயம் வாரேன்."

சோலோ போய்விட்டது. வாய் திறந்து நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்குத் தலையில் போட ஒரு துண்டு கட்டாயம். சாப்பாட்டுக்குக் கம்பங்கூழும் மோர் மிளகாயும் அங்கேயே கிடைக்கும். கழிப்பறை இரண்டே இரண்டுதான். இருட்டுவதற்குள் முடித்துவிடுகிறார்கள், ஆனால் திரும்ப ஆட்டோ கிடைக்காது. வந்த ஆட்டோக்காரரிடமே சொல்லி வைத்துவிடுங்கள்.

மனம் லேசானதா என்று கேட்டால், இல்லை. அவள் பெயர் கேரல் நோட்டீஸில் அச்சாகிவிட்டது, பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது. ஆனால் அன்று கிளம்பும்போது முத்தையா அண்ணன் ஆட்டோ வரைக்கும் வந்தார்.

"தை மாசம் ஒரு ஊருல மேளம் இருக்கு தாயி. பின்பாட்டுக்கு வாரியா?"

"பின்பாட்டுக்கு வரமாட்டேன்ணே. தனியாப் பாட ஒண்ணு குடுத்தா வாரேன்."

"ஒண்ணு என்னா, ரெண்டாப் பாடு," என்றார்.

ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் மேடையில் ஏறிய பிறகு தெரிந்துகொள்ளட்டும்.