துவைக்காத சட்டை

எங்கள் அத்தையை வீட்டில் எல்லோரும் 'ப்ளீச்சிங்' என்றுதான் கூப்பிடுவோம், அதுவும் அவர் காதுபடவே. கீரையை அலசி, அலசிய பாத்திரத்தை அலசி, கடைசியில் கையை அலசிவிட்டு வருவதற்குள் எங்களுக்குப் பசி அடங்கியே போயிருக்கும். "நீ தொட்டா பாத்திரத்துக்கே ஜலதோஷம் பிடிக்கும்" என்பார் அப்பா. தங்கையை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அத்தை வேதியியல் விஞ்ஞானி. விஷவாயு ஆயுதங்களைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தத்தின் ஆய்வுக் குழுவில் இருந்தார். எங்காவது விஷவாயு போட்டார்கள் என்று புகார் வந்தால், இவர்கள் போய் மண், தண்ணீர், துணி என்று மாதிரி எடுத்து வருவார்கள். ஒவ்வொரு பொருளையும் தொட்ட பிறகு கையுறையை ப்ளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். அது விஷத்தை முறித்துவிடும். பிறகு அந்தக் கையுறையைக் கழற்றிப் போட்டு, புதியதை மாட்டிக்கொண்டுதான் அடுத்ததைத் தொடலாம். அத்தை இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் செய்வார்.

அப்படிப் போன ஓர் ஊரில் ஏற்கெனவே மழை பெய்து மண்ணைக் கழுவியிருந்தது. பயத்தில் ஜனங்களும் துணிமணி அத்தனையையும் துவைத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு சட்டை. வேன் ஓட்டுகிற ஒருவர், செத்துப்போன தன் சின்ன மகனின் சட்டையை பிஸ்கட் டின்னில் போட்டு, டேப் ஒட்டி வைத்திருந்தார். துவைக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாராம்.

"இவ தினம் கெஞ்சுறா மேடம், ஒரு தடவை அலசி மடிச்சு வச்சுக்கிறேன்னு. நான்தான் விடலை. நம்ம புள்ள எப்படிப் போனான்னு இந்தச் சட்டை ஊருக்குச் சொல்லும்னு சொல்லிட்டேன்."

அவர் மனைவி கதவோரம் நின்று டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பாதுகாப்பு வண்டி ஹாரன் அடித்துத் தொல்லை கொடுத்தது. அத்தை டின்னின் வெளிப்பக்கத்தை ப்ளீச்சிங்கால் நன்றாகத் துடைத்தார். அவசரத்தில் கையுறையை மாற்றாமலே மூடியைத் திறந்து, சட்டையைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். ஈர விரல்கள் துணியில் பதிந்த பிறகுதான் பார்த்தார். சோதிக்க வேண்டிய கறை இருந்ததும் அந்தக் காலரில்தான்.

"கையுறையை மாத்த மறந்துட்டேன்" என்றார் பிறகு என்னிடம். "அந்த மனுஷன் வாசல் வரைக்கும் வந்து, 'இப்பதான் நம்பிக்கை வந்துச்சு மேடம்'னு சொல்றாரு. நான் தலையாட்டிட்டு வண்டியில ஏறிட்டேன்."

வண்டியிலேயே குழுத் தலைவரிடம் சொன்னார். அவரும் மறைக்காமல் அறிக்கையில் சேர்த்தார். ஆனால் மாதிரியைப் பற்றிச் சாட்சிகளிடம் பேசக்கூடாது என்பது விதி. விதி என்றால் எங்கள் அத்தைக்கு வேதவாக்கு.

ஆய்வகம் சொன்னது இதுதான்: சட்டையில் ப்ளீச்சிங் தெரிகிறது, விஷம் தெரியவில்லை. ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில், புகாருக்கு ஆளான நாட்டின் பிரதிநிதி எழுந்தார். "துவைத்து வெளுத்த சட்டையைக் காட்டி நாடகம் ஆடுகிறார்கள்" என்றார். அத்தையின் தவறு அறிக்கையின் பின்பக்கத்தில் இருந்தது. அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவராவது அதுவரைக்கும் புரட்டவில்லையே என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பேச்சு டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது.

சில மாதம் கழித்து, சட்டையைத் துவைக்க வேண்டாம் என்று சொன்ன அதே நர்ஸ் அத்தைக்கு போன் செய்தார். டிவியைப் பார்த்த டிரைவர் மனைவி பக்கம் திரும்பியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் துவைத்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறார் அந்த அம்மா. மறுநாளும் அதே கேள்வி, அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. கடைசியில் ஒரு நாள், "ஆமா, நான்தான் துவைச்சேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுத் தாய் வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

அத்தை அன்றைக்கு முதல்முறையாக, தெரிந்தே விதியை மீறினார். நர்ஸிடம் நம்பர் வாங்கி டிரைவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார்.

"உங்க வீட்டுக்காரம்மா அதைத் துவைக்கலைங்க. என் கையிலதான் ப்ளீச்சிங் இருந்துச்சு. சட்டையைக் கெடுத்தது நான்."



"அவளே ஒத்துக்கிட்டாளே மேடம்."

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. அவங்களும் எத்தனை நாள்தான் இல்லைன்னு சொல்லுவாங்க?"

அவர் அழுதது எனக்கும் கேட்டது. அத்தை மன்னிப்புக் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை, திட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

"சோதனைதான் முடிஞ்சிருச்சே, அந்தச் சட்டையைத் திருப்பிக் குடுப்பீங்களா? நான் கொண்டுபோய் அவகிட்டக் குடுக்கிறேன். அவ ஆசைப்பட்ட மாதிரி துவைச்சு வச்சுக்கட்டும்."

சோதனை முடிந்த துணிகளை ஆய்வகத்தில் வைத்துக்கொள்வதில்லை, எரித்துவிடுவார்கள். அதையும் அத்தைதான் சொல்ல வேண்டியிருந்தது.