முந்நூறடி மூச்சு

கருப்பண்ணன் மாத்திரை விழுங்குவதில் தவறாதவர். காசநோய்க்கு ஆறு மாதம் ஒருநாள் விடாமல் விழுங்கி, சளியில் கிருமி இல்லை என்று தாளில் எழுதி வாங்கியவர். அந்தத் தாள் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், இருமினால் தள்ளி உட்காருகிறவர்களிடம் எடுத்துக் காட்ட. நோய் போய்விட்டது. அது குடியிருந்த நுரையீரல் மட்டும் பழையபடி ஆகவில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்துக் கோழிப் பண்ணையில் அவருக்கும் மனைவி அத்தாயிக்கும் வேலை. பண்ணையில் ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். புருசன் தீவனம் போட வேண்டும், பெண்டாட்டி முட்டை எடுக்க வேண்டும். ஷெட்டை ஒட்டி ஓர் அறை கொடுப்பார்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஷெட்டின் நீளம் முந்நூறு அடி. கருப்பண்ணனுக்கு நூறு அடியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். மீதித் தூரம் தீவன வண்டியை அத்தாயி தள்ளினாள், சூப்பர்வைசர் குமரகுரு வருவதற்கு முன்பாக. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் அவர் முன்னதாகவே வந்துவிட்டார்.

"பொண்டாட்டியத் தள்ள உட்டுட்டு நீ மேய்க்கறயா? வெள்ளிக்கெழம புதுக்கோழி ஏறுது. அன்னிக்கு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு நீயே தள்ளு. முடியலீன்னா வாழப்பாடியில ஒரு ஜோடி கேட்டுட்டே இருக்குது."

மறுநாள் மத்தியானம் கருப்பண்ணன் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். எட்டு மாதமாக மாதாமாதம் வருகிறவர். மூச்சிரைப்புக்கு நாமக்கல் டாக்டர் எழுதிய கேப்சூலை எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் நான் பேசியதில்லை. அவர் கழுத்துக் குழி உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அன்று நாலு படி ஏறியதற்கே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டப்பாவைத் திறந்து ஒரு கேப்சூலை நாக்கில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். நானும் தண்ணீரைக் கொடுத்துவிட்டேன். தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஏனுங்ணா, இத எப்பவுமே முழுங்கறீங்களா?"

"பின்ன? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தப்புனதே இல்லீங்க தம்பி."

"இது முழுங்கறதில்லீங்க, இழுக்கறது. இழுக்கற கருவி ஒண்ணு குடுத்தாங்கல்ல?"

"ஊதல் மாதிரி இருக்குமே, அதுங்களா? அத்தாயி பொட்டியில பத்தரமா வெச்சிருக்கறா. மூச்சு சுத்தமா நின்னாத்தான் எடுக்கோணும்னு இருக்கறோம்."

விழுங்கக் கூடாது என்று டப்பாவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எட்டு முறை அதை என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

புதிய கருவி ஒன்றைப் பிரித்தேன். கேப்சூலைச் செருகித் திருகி அவர் வாயில் வைக்கச் சொன்னேன். "வேகமா உள்ள இழுங்க. பத்து எண்ணற வரைக்கும் அடக்குங்க."

நாலு எண்ணுவதற்குள் இருமிவிட்டார். மிச்சமிருந்ததை இழுத்தபோது ஆறு வரை தாங்கியது. கால் மணி நேரம் கழித்து எழுந்தார். படி இறங்கினார், திரும்ப ஏறி வந்தார், உட்காரவில்லை.

"எட்டு மாசமா வயித்துக்கல்ல மூச்சு குடுத்துட்டு இருந்திருக்கறேன்" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார்.

"மூணு தரம் நின்னேனுங்க. நின்னப்பல்லாம் தண்ணிக் கொழாய்ல அடைப்பு பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். போய்ச் சேந்துட்டேன்."

"குமரகுரு என்ன சொன்னாருங்க?"

"பக்கத்து ஷெட்டையும் சேத்துப் பாத்துக்கச் சொல்லீட்டாரு."

கருவியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். வாய் வைக்கும் இடத்தின் வலையில் மஞ்சளாகத் தீவனத் தூசி அப்பியிருந்தது.

"தூசியில இருக்கவே கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காருங்ணா." சீட்டில் மருந்துக்கு முன்னால் அதைத்தான் எழுதியிருந்தார்.

"தெரியுமுங்க. ஊடு அங்கதான இருக்குது."

டப்பாவைத் திறந்து கேப்சூல்களை எண்ணினார்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணுக்கு ரெண்டா இழுத்தா அறுநூறு அடி போகுமுங்களா?"

"இல்லீங்ணா. அப்படி இழுக்கக் கூடாது."

தலையாட்டினார். டப்பாவைச் சட்டைப்பையில் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று இறங்கினார். பண்ணைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் சீக்கிரமே கிளம்பிவிட்டார். நிறுத்தம் சற்றுத் தூரம்.