சிவப்பு ரிப்பன் கட்டிய கேன்

பத்து வயதுக்குள் நான் செய்த பாவங்களில், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் விழுங்கியது ஒன்றே ஒன்றுதான். தம்பியின் கடலை மிட்டாயைத் தின்றது, பூசையில் தூங்கியது, அம்மாவிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும் சாமியாரிடம் ஒப்பித்துவிட்டேன். மே மாதம் முதல் தேதி கிராம சபையில் ஊரையே ஏமாற்றப் பார்த்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேல் எங்கள் ஊர். சாலைக்கு மேற்கே வீடுகள், பள்ளிக்கூடம், மாதா கோயில், அதையும் தாண்டிப் போனால் உப்பளம். கிழக்கே சவுக்குத் தோப்பு, மணல் மேடு, கடல். குடிக்கிற தண்ணீர் அந்தத் தோப்புக் கிணற்றில்தான் இருந்தது. கடலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் அந்த மணல் கிணற்றில் துளி உப்பு கிடையாது. ஆனால் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். இடுப்பு கழன்றுவிடும்.

அந்த வருஷம் ஊராட்சிக்கு ஒரு மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் ஒதுக்கியிருந்தார்கள். அதை எங்கே வைப்பது என்பதுதான் சண்டை. உப்பளத்துக் கரையோரம் புதிதாக ஒரு போர் போட்டு, அடிபம்பு வைத்திருந்தார்கள். வீடுகளுக்குப் பக்கம், தொட்டியையும் அங்கேயே கட்டிவிடலாம் என்று ஒரு கட்சி. தோப்புக் கிணற்றில்தான் கட்ட வேண்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் முக்கால்வாசி என் அம்மாதான்.

அம்மா வார்டு மெம்பர். விடிவதற்கு முன் உப்பளத்தில் இறங்கி, வெயில் ஏறியதும் கரையேறி, மிச்சப் பொழுதில் ஊராட்சியோடு சண்டை போடுவாள். உப்பு வாருகிறவர்களுக்குக் குடிக்க மட்டுமல்ல, உடம்பு கழுவவும் நல்ல தண்ணீர் வேண்டும். கால் வெடிப்பில் ஏறிய உப்பை உப்புத் தண்ணீரால் கழுவ முடியாது. புதிய போர்த் தண்ணீர் கோடையில் உப்பாகிவிட்டது, அதையே குழாயில் விட்டால் ஊர் காலத்துக்கும் உப்புத் தண்ணீர்தான் குடிக்கும் என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். சோதனை செய்த காகிதமோ நல்ல தண்ணீர் என்று சொன்னது. காகிதத்தின் மேலும் குற்றமில்லை. மழை விட்ட கையோடு மார்கழியில் எடுத்த தண்ணீர் அது. மார்கழியில் எங்கள் ஊரில் நாய் பறித்த குழியில்கூட நல்ல தண்ணீர்தான் இருக்கும்.

தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது. தேர்தலில் ஜெயித்தவர் தலைவரம்மா. ஆனால் தலைவர் என்று ஊர் கூப்பிட்டது அவர் வீட்டுக்காரரை. கூட்டத்தில் தலைவரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தலைவர் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசுவார். தலைவரம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது. போர் போட்டது தலைவரின் யோசனை. பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் இந்தத் தண்ணீர்தான், நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம் என்று டீக்கடையில் கேட்டாராம்.

கிராம சபைக்கு இரண்டு நாள் முன்பு அம்மா வீட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டாள். காகிதம் வேண்டாம், பருப்பு சொல்லட்டும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இரண்டு அடுப்பு மூட்டி, ஒரு குண்டானில் தோப்புத் தண்ணீர், இன்னொன்றில் போர்த் தண்ணீர் ஊற்றி, ஒரே அளவு துவரம் பருப்பைப் போடுவது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எங்கள் பக்கம் அடுப்படிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். தலைவரிடம் உன் பருப்பு வேகாது என்று அப்பா அம்மாவைக் கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. "தோப்புத் தண்ணியில வேவலன்னா நான் மெம்பரா இருக்கறதுலயே அர்த்தம் இல்ல. அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்" என்றாள். சொன்னால் செய்துவிடுவாள்.

தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. இரண்டு ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்கள். அடையாளம் தெரிவதற்காக, தோப்புத் தண்ணீர்க் கேனின் கழுத்தில் என் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். மே ஒன்றாம் தேதி காலையில் சைக்கிளில் முதலில் தோப்புக்குப் போனேன். கிணற்றில் இறைத்து, ரிப்பன் கேனை நிரப்பி, சாலையைக் கடந்து உப்பளக் கரைக்கு மிதித்தேன். கரையில் எதிரே ஏழெட்டுப் பெண்கள், வேலையை முடித்துக்கொண்டு கிராம சபைக்காக வேகுவேகென்று வந்துகொண்டிருந்தார்கள். முகத்தில், புருவத்தில், புடவையில் எல்லாம் உப்பு பூத்திருந்தது. அதில் ஒரு பெரியம்மா கேனைப் பார்த்துவிட்டார்.

"தோப்புத் தண்ணியாம்மா? ஒரு வாய் குடு. நாக்கு ஒட்டிக்குது."

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உப்பளத்திலிருந்து ஏறி வருகிறவர் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு இல்லை என்றால் குடும்பம் விளங்காது என்பார்கள். இது பருப்புக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஒரு வாய் என்றார்கள். எட்டுப் பேருக்கு எட்டு வாய் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். குடித்த பிறகு முகம் கழுவினார்கள். கடைசியில் வந்தவளுக்குக் கண்ணில் உப்பு விழுந்து எரிந்ததால் கண்ணைக் கழுவினாள். என் தலையைத் தடவி, நல்லா இருப்ப என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேனைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது.

திரும்பத் தோப்புக்குப் போகலாம் என்று சைக்கிளைத் திருப்பியபோது பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து மைக் சத்தம் கேட்டது. பொதுமக்கள் அனைவரும் உடனே வரும்படி கூப்பிட்டார்கள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அடிபம்பு தெரிந்தது. மேற்கொண்டு நான் எதையும் யோசிக்கவில்லை. இரண்டு கேனையும் அங்கேயே அடித்து நிரப்பினேன். சிவப்பு ரிப்பனை மட்டும் ஒழுங்காக இழுத்து விட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. இரண்டு குண்டானிலும் பருப்பு வேகாது. தோப்புத் தண்ணீரும் உப்புத்தான் என்று ஆகிவிடும். அம்மா எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். ஊர் உப்புத் தண்ணீரைக் குடிக்கும். எல்லாம் என்னால். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றால், அம்மா கூட்டத்தின் நடுவில் நின்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியோடு கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நூறு பேருக்கு நடுவில் அம்மாவை அசிங்கப்படுத்த எனக்குத் தைரியமில்லை.

சத்துணவுக் கூடத்து அடுப்பில் சவுக்கு விறகு வைத்தாயிற்று. குண்டான்கள் வந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. தலைவரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ரெண்டும் ஒரே அளவு இல்லியே. எங்க வீட்ல ஒரே மாதிரி ரெண்டு இருக்குது, எடுத்தாறேன்" என்றார். மெல்லிய, கொஞ்சம் கரகரப்பான குரல். பிறகு என்னைப் பார்த்து, "நீ கேனை எடுத்துக்கினு வாம்மா. அங்கயே அளந்து ஊத்திக்கலாம்" என்றார்.

அம்மா கட்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எதிராளி வீட்டுக்குத் தண்ணீர் போனால் அங்கே என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? தலைவரோ, நியாயம் என்றால் எங்கள் வீட்டு நியாயம் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். தீர்மான நோட்டில் இரண்டு வரிக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் கோடு போடச் சொல்கிற ஆள் அவள். ஆனால் அன்று, போய்விட்டு வரட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தலைவரம்மா வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டினாற்போல. அடுப்படியில் இரண்டு குண்டானை எடுத்து வைத்தார். ரிப்பன் இல்லாத கேனிலிருந்து அளந்து ஊற்றினார். அடுத்து ரிப்பன் கேனைத் திறந்தவர், உள்ளங்கையில் கொஞ்சம் சாய்த்து நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

நான் தலையாட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக் கூடாது என்று சொல்லிவிட்டு, ரிப்பன் கேனில் இருந்ததைப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கொட்டினார். மூலையில் மூடி வைத்திருந்த ஒரு குடத்தைத் தூக்கி, அடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். குடத்தின் அடியில் ஈரமாக வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. அது என் கையெல்லாம் ஒட்டியதில் எரிச்சலாகி, பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இது தலைவர் வீடு. இங்கே பொங்கலிலிருந்து போர்த் தண்ணீர்தான். நான் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்ததும் இந்த அம்மா கேனில் கலந்திருந்த ஒரு டம்ளர் தோப்புத் தண்ணீரையும் விட்டுவைக்காமல் கொட்டிவிட்டு, முழுக்கப் போர்த் தண்ணீரையே தன் குடத்திலிருந்து ஊற்றி எங்களை ஒரேயடியாக முடித்துவிடப் பார்க்கிறார். அவர் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். இந்தக் குடம் இப்போதே உடைய வேண்டும். இந்த அம்மா இன்னொரு தேர்தலில் ஜெயிக்கவே கூடாது. குடம் உடையவில்லை. "யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத" என்று மட்டும் சொல்லி, அந்தக் குண்டானை என் தலையில் ஏற்றிவிட்டு, போர்த் தண்ணீர்க் குண்டானைத் தான் தூக்கிக்கொண்டார்.

பருப்பு வேகும் நேரத்தில் ஊராட்சி தன் அலுவல்களைப் பார்த்தது. தெருவிளக்கு எரியாததைப் பேசினார்கள். மீன் கடைப் பக்கம் நாய் பெருத்துவிட்டதைப் பேசினார்கள். வாய்க்கால் அடைப்பைப் பற்றிப் பேசும்போது புகை மேடைப் பக்கம் திரும்பியதில், அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து மாதாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன மெழுகுவத்தியில் ஆரம்பித்து, பெரிய மெழுகுவத்திக்கு ஏறி, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்பதுவரை போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா கரண்டியை எடுத்தாள். போர்த் தண்ணீர்க் குண்டானிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதிகாரியின் முன்னால் தட்டில் கொட்டினாள். பருப்பு தட்டில் கலகலவென்று உருண்டது. அதிகாரி ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்மா அடுத்த குண்டானில் கரண்டியை விட்டாள்.

குழைந்திருந்தது. கரண்டியோடு சேர்ந்து மஞ்சளாக, மெத்தென்று எழும்பி வந்தது. கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கரையில் என் தண்ணீரைக் குடித்த பெரியம்மாதான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு ஊரே தூக்கியது. தொட்டியும் மோட்டாரும் தோப்புக் கிணற்றுக்கே என்று தீர்மானம். நானும் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொன்னேன் என்று தலைவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார். தலைவரம்மா தீர்மான நோட்டில் எழுத்தெழுத்தாக, அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நான் போய்ச் சத்துணவுக் கூடத்துச் சுவரில் சாய்ந்து ஆசை தீர அழுதேன். அத்தனை நிம்மதியான அழுகை அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. வெந்த பருப்பில் சாம்பார் வைத்தார்கள், எனக்கு இரண்டு கரண்டி கிடைத்தது.

கோயிலில் சொல்லும் அற்புதங்களைப் போல, இதுவும் மாதா செய்த புதுமை என்றே நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் குகை போல் கட்டிய மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றினேன். சின்னதுதான். வேளாங்கண்ணி நடைபயணத்தை மாதாவும் நினைவூட்டவில்லை, நானும் எடுக்கவில்லை. மறு வருஷம் தெருக் குழாயில் தோப்புத் தண்ணீர் வந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்து, இனி அடிக்கவா போகிறாள் என்ற தைரியத்தில் அந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். அம்மா குழாயை மூடவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"தெரியும்டி. மறுநா விடியக்காலையிலயே தலைவரம்மா சொல்லிட்டாங்க."

எங்கே வைத்துச் சொன்னார் என்று கேட்டேன். கிணற்றில் என்றாள். உப்பளத்துக்குப் போகுமுன் அம்மா நாலு மணிக்குத் தோப்புக் கிணற்றுக்குப் போவாளாம். அந்த நேரத்தில் அங்கே வருகிற இன்னொரு ஆள் தலைவரம்மாதானாம். வீட்டில் எல்லோரும் எழுந்திருக்குமுன் ஒரு குடம் கொண்டுபோய் அடுப்படி மூலையில் மூடி வைத்துவிடுவாராம். ஆள் வைத்து அடித்துவந்த போர்த் தண்ணீரில் பாத்திரம் கழுவுவாராம். ஆக, பொங்கலிலிருந்து தலைவர் குடித்ததும் தோப்புத் தண்ணீர்தான். பாவம், டீக்கடையில் அவர் பொய் சொல்லவில்லை.

"பருப்பு வேவ வெச்சிக் காட்டலாம்னு யோசனை சொன்னதே அவங்கதான்" என்றாள் அம்மா. "புருசன் பின்னாடி நிக்கறப்ப அவங்களால பேச முடியல. எனக்கு வாய் இருந்துது, பேசுனேன்."

இதையெல்லாம் அப்போதே என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உன்னிடம் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி என்று சொல்லிவிட்டு, நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

கையில் ஒட்டிய வெள்ளை மணலை நினைத்துக்கொண்டேன். உப்பளத்துப் பக்கம் வெள்ளை மணல் ஏது, அங்கே எல்லாம் கறுப்புச் சேறு. அந்தக் குடம் எங்கே போய்வந்தது என்பதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பாவாடையில் துடைத்துவிட்டு, அதே குடம் உடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வேண்டுதலை மாதா காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டாளே, அதற்குத்தான் நான் மெழுகுவத்தி ஏற்றியிருக்க வேண்டும்.