பருப்பு வேகிற தண்ணீர்

கார் கழுவுவது எப்படி என்று என்னிடம் யாராவது கேட்டால், உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சோப்பையும் துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

எழுபதுகளில் நாங்கள் செங்கல்பட்டில், பெரிய ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பம்பாய், கல்கத்தா என்று கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். எழுந்து முகம் கழுவுவதற்குள் லாரி ஷெட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கும். எங்கள் பெண்ணுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. உன் நைனா எங்கே என்று யாராவது கேட்டால், ரோட்டில் போகிற ஏதாவது ஒரு லாரியைக் கை காட்டுவாள். தெருவே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிஜமான நைனா வீட்டுக்குள் வந்து நின்றாலோ, என் முந்தானைக்குள் புகுந்துகொண்டு எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். அவர் வாங்கி வந்த பொம்மையை நீட்டிக்கொண்டே நிற்பார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

இந்தப் பிழைப்பு போதும் என்று நான் அரித்தெடுத்ததில்தான் அவர் கார் வாங்கினார். செய்யூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில், வேர்க்கடலை மூட்டைகளோடு கொட்டகையில் கிடந்த பழைய கறுப்பு வண்டி. எங்கள் பக்கத்தில் அப்போது காரைப் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். வாங்கி வந்து வெகுநாள் வரைக்கும் சீட்டு இடுக்கிலிருந்து வேர்க்கடலைத் தோல் வந்துகொண்டேயிருந்தது. மற்றபடி நல்ல வண்டி. கறுப்பு நிறம் என்பதுதான் தொல்லை. ஒரு காக்காய் மேலே பறந்தால்கூடத் தெரிந்துவிடும்.

முகூர்த்த மாதங்களில் வாடகைக்குக் கூப்பிட்டார்கள். மற்ற நாட்களில் ஸ்டாண்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வந்தார். அப்போதுதான் மாமல்லபுரத்தில் கடலோரமாக இருந்த ஒரு விருந்தினர் விடுதிக்கு நிரந்தரமாக ஒரு கார் வேண்டும் என்று கேள்விப்பட்டார். ரதங்களைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடம் அது. அவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், திருக்கழுக்குன்றம் என்று சுற்றிக் காட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வார்த்தைதான். ஊரில் வேறு எந்த உத்தியோகத்தைக் கொடுத்திருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

முதல் தடவை போகும்போது அவரே காரைக் கழுவினார். உச்சி வெயிலில் கொல்லையில் நிறுத்தி, கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றி, வெயிலிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிட வந்தார். வண்டி காய்ந்ததும் மேலெல்லாம் கோலமாவு தெளித்தாற்போல் ஒரே வெள்ளைப் பொட்டு. துடைத்துப் பார்த்தார், போகவில்லை. நேரமாகிவிட்டது என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். அந்த விடுதியின் மேனேஜர் செருப்பில் ஒரு மணல் ஒட்டினாலும் பொறுக்காத மனிதராம். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேமல் விழுந்த வண்டியில் என் விருந்தாளியை எப்படி ஏற்றுவது என்று கேட்டிருக்கிறார். சரி செய்துகொண்டு அடுத்த வாரம் இன்னொரு முறை வா, அதோடு முடிவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர், சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இன்னொரு வாட்டி போய்ப் பாக்கறேன். ஆவலன்னா லாரிதான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். சோப்பு சரியில்லை என்றார்கள், மாற்றினார். கிருஷ்ணாயில் தொட்டுத் துடை, கண்ணாடி மாதிரி இருக்கும் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். அதையும் செய்தார். கொல்லையில் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. தெருமுனையைத் தாண்டுவதற்குள் ரோட்டுப் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கொண்டது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவளைக் கேட்போம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

நான் வெந்நீர்த் தவலை தேய்க்கும்போது எனக்குப் பொறி தட்டியது. தவலைக்குள்ளே சுற்றிலும் வெள்ளையாக ஒரு பற்று. காரில் இருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், இதுவும் அதுவும் ஒன்றுதான். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க அடுப்பெரித்தாலும் பருப்பு வேகாது. பருப்புக்கும் குடிக்கவும் ஏரிக்கரைப் பக்கத்துக் கிணற்றிலிருந்துதான் இடுப்பில் சுமந்து வருவேன். அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துப் பின்கதவு ஒன்றை மட்டும் கழுவிக் காயவிட்டேன். ஒரு பொட்டு இல்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். லாரி லாரியாக ஓட்டினவனுக்கு நீ வண்டி கழுவச் சொல்லித் தருகிறாயா என்று ஆரம்பித்தார். கதவைத் திரும்பப் பார்த்தார். அப்புறம் பக்கத்துக் கதவைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் சமையலறைக் குடங்களை நோட்டம் விட்டுக்கொண்டு நின்றார். நான் குறுக்கே நின்றுகொண்டேன். ஒரே குடம்தான் தருவேன், சுமப்பது என் இடுப்பு என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு குடத்தை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் பொட்டில்லாமல், சீக்கிரமாகவும் முடிக்க வேண்டும். வழியை நான்தான் கண்டுபிடித்தேன், இன்றைக்கும் அதில் மாற்ற எதுவும் இல்லை.

வண்டி வெயிலில் நிற்கவே கூடாது. தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். பூவரச மரத்து நிழலில் நிறுத்தி, மண்ணும் சேறும் போக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே தாராளமாக ஊற்றலாம், ஆனால் அதைக் காயவிடக் கூடாது. கூரையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கீழே துடைத்துவிட்டு மேலே ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே போவார். நான் பின்னாலேயே பருப்பு வேகிற தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு இழுப்பு, உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு. ஒரு கதவு முடிந்தால்தான் அடுத்த கதவு. உலர்ந்த துணி என்றால் புதுத் துண்டு இல்லை, அது தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டே போகும். துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய வேட்டிதான் குடிக்கும்.

அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கண்ணாடிக்குப் பின்னாலும் கைப்பிடிக்கு அடியிலும் பம்பருக்குள்ளும் தண்ணீர் பதுங்கிக்கொண்டிருக்கும். துடைத்த பிறகு மெல்ல வழிந்து கோடு போடும். அதனால் அவரை வண்டியில் ஏற்றித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சட்டென்று பிரேக் போடச் சொல்வேன். பதுங்கினதெல்லாம் வெளியே வரும், நான் துணியோடு காத்திருப்பேன். உங்க வூட்டுக்காரரு காலங்காத்தால இன்னாத்துக்குத் தெருவச் சுத்திகினு கீறாரு என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் கேட்டாள். சோறு செரிக்கத்தான் என்றேன்.

மேனேஜரைப் பார்க்கப் போகிற நாள் வந்தது. விடிகாலையில் வண்டியை முடித்தோம். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி இருந்தது. ஆனால் வழியில் புழுதி இருக்கிறது, உப்புக் காற்று இருக்கிறது. நானும் ஒரு குடம் தண்ணீரோடு வருகிறேன், கடைசியாக ஒரு தரம் துடைத்துவிட்டு விடுதிப் பக்கத்துச் சவுக்குத் தோப்பிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்த ஆள் என்ன நினைப்பான், குழந்தையை யார் பார்ப்பது என்று ஆயிரம் சொன்னார். குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு நான் குடத்தோடு வந்து நின்றுவிட்டேன். குடத்தை டிக்கியில் வைக்கப் போனபோது, அங்கே சாய்ந்துவிடும் என்று என் கையிலிருந்து வாங்கி வண்டிக்குள் என் காலடியில் வைத்தார். எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. மாமல்லபுரத்துக்கு முன்னால், உப்பங்கழியை ஒட்டி ரோடு தாழ்ந்து போகிற இடத்தில் முந்தின நாள் மழைத் தண்ணீர் கழியின் உப்புத் தண்ணீரோடு கலந்து தேங்கியிருந்தது. எதிரே வந்த பஸ் அதில் விழுந்து எழுந்தது. எங்கள் வண்டியில் கூரை வரைக்கும் சேறும் உப்புத் தண்ணீரும். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கு உட்கார நேரம் இல்லை. உப்புத் தண்ணீர் காய்ந்து விழுகிற பொட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர்ப் பொட்டு எவ்வளவோ மேல். சவுக்குத் தோப்பு நிழலுக்கு ஓட்டச் சொன்னேன்.

அங்கே நிறுத்தி, குடத்திலிருந்து சொம்பு சொம்பாக மேலிருந்து ஊற்றினோம். சேறு போனது, உப்பு போனது, குடமும் காலியானது. துடைக்க ஆரம்பித்தேன். பாதி வண்டிக்கே வேட்டி சொதசொதவென்று ஆகிவிட்டது. பிழிந்து பிழிந்து துடைத்தாலும் ஈரத்தை இங்கிருந்து எடுத்து அங்கே தடவுகிற மாதிரிதான் இருந்தது. முன்பக்கமும் ஒரு முழுப் பக்கமும் பாக்கி. கடற்காற்று வேறு, விளிம்பெல்லாம் உலர ஆரம்பித்துவிட்டது. உலர்ந்த துணி ஏதாவது டிக்கியில் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். ஒரு கோணியாவது இருக்காதா என்றேன். அதில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறேன் இல்லையா என்று எரிந்து விழுந்தார். அவர் என்னிடம் அப்படி எரிந்து விழுகிற மனிதர் இல்லை. நான் சாவியை உருவிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தேன்.

உள்ளே அவருடைய லாரி மூட்டை இருந்தது. கயிற்றால் சுற்றிக் கட்டின போர்வை, அதற்குள் காக்கிச் சட்டைகள், பக்கத்தில் அலுமினியத் தூக்கு. அந்த மூட்டையைக் கட்டிக் கொடுப்பது எப்போதும் நான்தான். இந்தத் தடவை அவரே கட்டியிருந்தார்.

அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்க ஆவலன்னா, வண்டிய சதுரங்கப்பட்டினத்துல கூட்டாளி வூட்ல வுட்டுட்டு அப்டியே கெளம்பலாம்னு இருந்தேன். வூட்டுக்கு வந்தா, கொழந்தயப் பாத்துட்டுத் திரும்பிப் போவ மனசு வராது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அதில் தண்ணீர் இல்லை. அழுகையும் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகத் துணிந்தாரே என்று ஒரு பக்கம் கொதித்தது, குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு ஒரு ஆண்பிள்ளை திருட்டுத்தனமாக மூட்டை கட்டியிருக்கிறாரே என்று ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. அழுவதற்கும் நேரம் இல்லை, பானெட் காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்துப் போர்வையை உருவினேன்.

"அத்த எடுக்காதமே. ஈரமாயிடும்."

"ஆவட்டும். ராத்திரி படுக்கறதுக்கு வூட்டுக்குத்தான வந்தாவணும்."

எத்தனையோ ஊர்களில், லாரிக்கு அடியிலும் மேலேயும் அவர் படுத்துப் படுத்து நைந்த போர்வை அது. எந்த வேட்டியும் அதற்கு ஈடாகாது. தொட்ட இடமெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. கதவு, கண்ணாடி, பம்பர் என்று ஒரு இடம் விடாமல் துடைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கூரையை இருவரும் எதிரும் புதிருமாக நின்று இழுத்துத் துடைத்தோம்.

அவர் வண்டியை விடுதிக்குள் ஓட்டிக்கொண்டு போனார். நான் தோப்பு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார், கதவருகே குனிந்தார், விரலால் தடவி விரலைப் பார்த்தார். மறுபடியும் ஒரு சுற்று. உப்புக் காற்றில் நிற்கிறது, சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்று நான் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வண்டியைப் பற்றிப் பயம் இல்லை. அதில் ஒரு பொட்டு இருந்திருந்தால் என் பெயரை மாற்றிக்கொண்டிருப்பேன். அந்த மனிதருக்குப் பார்க்கத் தெரியுமா என்பதுதான் பயம். கடைசியில் அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வண்டி திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றது. நாளை விடியற்காலையிலிருந்து வரச் சொல்லிவிட்டார் என்று சொன்னார். இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். லாரியில் போட்டுக்கொள்கிற காக்கிச் சட்டை ஒன்றை எடுத்து, தையலைப் பல்லால் கடித்து, நடு முதுகோடு இரண்டாகக் கிழித்தார். இரண்டு துண்டையும் என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இதுவும் நல்லாத் தொடைக்கும்."

காக்கித் துணி கார் துடைக்க ஆகவே ஆகாது. முரட்டு நூல், தண்ணீரை இழுக்காது, பொத்தான் வேறு பெயிண்ட்டைக் கீறிவிடும். அதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.