அடக்கம் பண்ணாத மேடு

"அய்யா, அதுல கை வைக்காதீக!"

சோதனைக்குழிக்குள் குத்துக்காலிட்டு, மணலில் தெரிந்த ஒரு சின்னப் பானையின் கழுத்தைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் குழியின் விளிம்பில் ஒரு பெண். நாங்கள் வந்த நாளிலிருந்து தூரத்துப் பனையடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள். அது பேய் என்று கூலியாட்கள் கிசுகிசுத்ததைக் கேட்டு, நானும் அந்தப் பக்கம் திரும்பாமலேதான் வேலை பார்த்தேன். தொல்பொருள் வேலைக்கு வந்தவன் இப்படிப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். ஓய்வு பெறும் வரை பயந்துகொண்டேதான் தோண்டினேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. காரங்காட்டுக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர், எல்லோரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்மேட்டை ஓர் உப்புக் கம்பெனி கேட்டிருந்தது. மேட்டைத் தள்ளி மட்டமாக்கிப் பாத்தி கட்டுவார்கள். அதற்கு முன் அங்கே பழங்காலத்துச் சின்னம் ஏதும் உண்டா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் வேலை. உண்டு என்றால் மேடு தப்பும், ஆனால் கிடைத்ததெல்லாம் பெட்டியில் சென்னைக்குப் போகும். இல்லை என்றால் புல்டோசர். அது ஏற்கெனவே வந்து, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் நின்றது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவேன்.

வந்த அன்று ஊரைக் கூட்டி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டோம். "இந்த மேட்டுல யாரையாவது அடக்கம் பண்ணியிருக்கீங்களா?"

"இல்லைங்கய்யா. அடக்கமெல்லாம் கோயில் கல்லறையிலதான். இங்கன யாரையும் அடக்கம் பண்ணல" என்றார் ஊர்த்தலைவர்.

மேட்டில் கிடைத்தவை கொஞ்சம் பானைச் சில்லுகள். விளிம்பெல்லாம் தேய்ந்திருந்ததால், எங்கிருந்தோ அலை கொண்டுவந்து போட்டவை என்று தெரிந்தது. குழியிலும் வெறும் மணல்தான். கடைசியாகத்தான் இந்தப் பானை வந்தது. அதன் வாயை ஒரு மண்சட்டியால் மூடியிருந்தார்கள்.

"அது எம்பிள்ளைங்கய்யா" என்றாள் அந்தப் பெண்.

பிரஷ் கையிலிருந்து விழுந்துவிட்டது.

அவள் பெயர் சவேரியாயி. குழியோரம் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "மூச்சில்லாமத்தான் பொறந்துச்சு. ஞானஸ்நானம் இல்லாததுக்குக் கல்லறையில எடமில்லன்னுட்டாக. பானையில வச்சு இங்கன விட்டுட்டு வந்தோம். இந்த மேடு பூராவும் அப்படித்தான்யா. எந்த வீட்டுலயும் வாயத் தொறக்க மாட்டாக."

"அன்னைக்குக் கேட்டோமே, யாரையும் அடக்கம் பண்ணலைன்னாங்களே?"

"பொய் சொல்லலையே. கோயில் சாமியார் வந்து மந்திரிச்சு, மணியடிச்சு வச்சாத்தான அடக்கம்? நாங்க விட்டுட்டுத்தான வந்தோம். அதோட, நீங்க 'யாரையாவது'ன்னு கேட்டீக. பேரு வைக்காத பிள்ளை யாருல சேத்தி?"

மணலை அள்ளிப் பானையை மூடினேன்.

அந்தப் பானையை எங்கள் அதிகாரி பார்த்தால், பழங்காலத்துச் சிசுத் தாழி என்று துள்ளிக் குதித்து உடனே பெட்டியில் வைப்பார். பழசில்லை என்று நான் சொன்னால் புல்டோசர் ஏறும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. இடுகாடு என்று தெரிந்தால் தாசில்தார் நிலத்தைக் கம்பெனிக்கு விடமாட்டார். ஆனால் அதை ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டும்.

"நாளைக்குத் தாசில்தார் வாராரும்மா. நீதான் சொல்லணும்."

"ஊரு முன்னாலயா?" அவள் முகம் வெளுத்துப்போனது. எழுந்து போய்விட்டாள்.

தாசில்தார் வந்த அன்று

ஊரே மேட்டடியில் நின்றது. எங்கள் அதிகாரி குழியை எட்டிப் பார்த்தார். "என்னய்யா, பாதியில மூடி வச்சிருக்க?"

"பழசில்லை சார். இந்தக் காலத்துப் பானை."

"அப்ப நமக்கு இங்க வேலையில்ல. ரிப்போர்ட் எழுதிடலாம்."

தாசில்தார் முறைக்காக அதே கேள்வியைக் கேட்டார். தலைவரும் அதே பதிலைச் சொன்னார். ரோட்டில் தார்ப்பாயை உருவும் சத்தம் கேட்டது. சவேரியாயி கூட்டத்தின் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

எப்படி வாய் திறந்தேனோ தெரியாது. "சார், கேள்வியை மாத்திக் கேக்கணும். இங்க பிள்ளைகளை விட்டுட்டு வந்திருக்கீங்களான்னு கேளுங்க."

ஆம்பிளைகள் என்னைப் பார்த்த பார்வையில், இன்றைக்கு உயிரோடு ஊர் திரும்ப மாட்டேன் என்றே நினைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவேரியாயி வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். "ஏ, வாய மூடு. மானத்த வாங்காத."

அவள் கையை உதறவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. "எம்பிள்ளைய இங்கன அடக்கம் பண்ணியிருக்கேன்யா."

என்னிடம் 'விட்டுட்டு வந்தோம்' என்றவள், ஊர் முன்னால் 'அடக்கம்' என்றாள்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். "பேரு?"

"சவேரியாயி."

"உன் பேரில்லம்மா. பிள்ளை பேரு."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். பேரில்லை என்றால் விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

இழுத்துப் பிடித்திருந்த புருஷன் அவள் கையை மெல்ல விட்டான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அந்தோணின்னு எழுதிக்கோங்கய்யா" என்றான்.

பிறகு ஒரு பெண் வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. எல்லோரும் அங்கேயே நின்று பேர் வைத்தார்கள். புல்டோசர் வந்த வழியே போனது.

அதற்குப் பின் எந்த ஊருக்குப் போனாலும் 'யாரையாவது' என்றோ 'அடக்கம்' என்றோ நான் கேட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் அப்படிக் கேட்க வேண்டாம். "உங்க ஊர்ல எந்த எடத்துல மிதிக்கப் பயப்படுவீங்க?" என்று கேளுங்கள். பயந்தவனுக்குப் பயந்தவர்கள் வழி காட்டுவார்கள்.