பூண்டு ஏறாத வீடுகள்

மாதர் சேவா சங்கத்துக்கு நான் ஏழு வருஷம் செயலாளராக இருந்தேன். திறமையைப் பார்த்து யாரும் என்னைப் பிடித்துப்போடவில்லை. நான் விதவை, பிள்ளைகுட்டி கிடையாது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கையெழுத்து நன்றாக இருக்கும். இப்படி ஒருத்தி ஊரில் இருந்தால் எல்லாச் சுமையையும் அவள் தலையில்தான் கட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து காலைக் கழுவுவதற்குள் ஒரு சேவகன் வாசலில் நிற்பான். தலைவியம்மா கையோடு கூட்டிவரச் சொன்னார்களாம்.

தலைவியம்மா ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் மனைவி. நல்லவர்தான். ஏழை எளியவர்களை நினைத்தால் அவருக்கு உடனே கண் கலங்கிவிடும். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்பார். ஏழு வருஷமும் அந்தக் கொஞ்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பெரிய சண்டைக்கு முந்திய காலம் அது. கொடைக்கானலில் சங்கங்களுக்குக் குறைவில்லை. துரைமார்களுடையது தனி, மிஷன்காரர்களுடையது தனி. எங்களுடையது உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்களும் டீச்சர்கள் இரண்டு பேரும் சேர்ந்த சிறிய சங்கம். சனிக்கிழமை பிற்பகல் வாசகசாலையின் பின்னறையில் கூடுவோம். முதல் அரைமணி, யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்பதில் போகும். அப்புறம் காப்பி. காப்பிக்குப் பிறகு தர்மம்.

தர்மத்துக்குப் பணம் வேண்டும். இந்த மலையில் பணம் ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் நடமாடும். சீசனுக்கு வந்தவர்களின் பங்களாப் படியெல்லாம் ஏறி இறங்கியது நான்தான். நாய் குரைக்கும், பட்லர் வந்து அம்மா தூங்குகிறார்கள் என்பான், நாலு மணிக்கு வா என்பான், நாலு மணிக்குப் போனால் அம்மா ஏரிக்குப் போயிருப்பார்கள். கைக்குட்டையில் பூ வேலை செய்து விற்றோம். ஊறுகாய் போட்டு விற்றோம். ஒரு வருஷம் தகரக் கொட்டகையில் நாடகம் நடத்தினோம். ராஜா மகனைப் பறிகொடுத்துப் புலம்பும் இடத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழுந்த சத்தத்தில் ஒரு வசனமும் காதில் விழவில்லை. ராஜா வாயை மூடியதும் ஜனங்கள் உத்தேசமாகக் கைதட்டினார்கள். இரவல் வாங்கிய பெஞ்சுகளையெல்லாம் மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான்.

இதையெல்லாம் கடனே என்று செய்துவந்தவள், ஒரே ஒரு காரியத்தில் மட்டும் மனசு வைத்தேன்.

ஓர் ஐப்பசியில் இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வராந்தாவில் மேல்மலைப் பூம்பாறைப் பெண் ஒருத்தி ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலி கண்டதும் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். நல்ல வெயில் காலத்திலேயே அங்கிருந்து அரைநாள் நடை. மழையில் கேட்கவே வேண்டாம். பாதி வழியில், ஓடையைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்து செத்துப்போயிற்று. அது அவளுக்கு இரண்டாவது. முதலாவதும் அப்படியே வழியில் போனதாம். அடுத்த தடவை ஒரு மாசம் முந்தியே ஊருக்குள் வந்து இருந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். எங்கே வந்து இருப்பது என்று அவள் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்ததோ நாலைந்து கட்டில். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சங்கத்தில் நான் வாய் ஓயாமல் பேசினேன். எல்லோரும் அழுதார்கள். அடுத்த மழைக்காலம் மூன்று மாதத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, விறகும் அரிசியும் போட்டு, மேல்மலைக் கர்ப்பிணிகளைத் தங்கவைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கால் வலி தெரியவில்லை.

சீசன் வசூல் வாடகைக்குக் காணவில்லை. பங்களாக்காரர்கள் தருவதாகச் சொன்னதெல்லாம் அடிவாரத்து வத்தலக்குண்டில் இறங்குவதற்குள் அவர்களுக்கு மறந்துவிட்டது. பூம்பாறைக்குச் சொல்லி அனுப்பினேன். ரொக்கம் இல்லை, பூண்டு தருகிறோம் என்று பதில் வந்தது. வைகாசியில் நாலு மட்டக்குதிரைகளில் பொதி வந்து இறங்கியது. தாளோடு சேர்த்துக் கட்டிய பூண்டு, கட்டுக் கட்டாக, ஒரு வீடு பாக்கியில்லாமல் கொடுத்திருந்தார்கள். கூடவே ஆஸ்பத்திரியில் நான் பார்த்த அந்தப் பெண்ணும், அவளுடைய கொழுந்தன் மனைவியும் நடந்து வந்திருந்தார்கள். மூத்தவள் மறுபடி உண்டாகியிருந்தாள். இளையவளுக்குத் தலைப்பிள்ளை, பதினெட்டு வயசுகூட இருக்காது. மசக்கையில் முகம் வெளுத்திருந்தும் எதைக் கேட்டாலும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஐப்பசி கடைசி என்று கணக்கு. சங்கத்து அறை இரண்டில் ஆளுக்கு ஒன்று என்று இளையவள் அப்போதே பங்கு பிரித்துவிட்டாள்.

மூத்தவள் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, இதை மூட்டை கட்டித் தரையில போட்டுறாதீங்க. அடுப்புக்கு மேல தொங்கவிட்டு நித்தமும் பொகை படணும். ஆடிச் சாரல் பட்டுச்சுன்னா மொளச்சு வீணாப் போயிரும்."

நான் குடியிருந்த வீடு, பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தருக்குச் சொந்தம். அவரிடம் பூண்டைக் காட்டினேன். இப்போது விற்றால் விலை இல்லை, ஆவணியில் இரண்டு பங்கு கிடைக்கும், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

எங்கே வைப்பது? சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் சுலபமாக ஒரு வழி சொன்னேன். அங்கத்தினர் பதினைந்து பேர். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போய் அவரவர் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தீர்ந்தது. தலைவியம்மா வீட்டில் பூண்டு மருந்துக்குக்கூட வாசல் ஏறாது. இன்னொருவருக்கு மாமியார் மடி ஆசாரம். இன்னொருவரின் கணவர் ஏதோ விரதத்தில் இருந்தார். போன மாதம் என் வீட்டில் பூண்டு ரசத்தை இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்த அம்மாளுக்குக்கூட அன்றைக்கு ஆசாரம் வந்துவிட்டது. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். பூண்டு விற்ற காசும் நாறாது, பூண்டுதான் நாறும்.

கடைசியில் தலைவியம்மா தீர்ப்புச் சொன்னார். வாசகசாலைக்குப் பின்னால் பந்தாட்ட வலை போட்டுவைக்கிற பழைய ஷெட் சும்மாதானே கிடக்கிறது, மூட்டையாகக் கட்டி அங்கே அடுக்கிவிடலாம். புகை வேண்டும் என்று சொன்னார்களே என்றேன். கடையில் மூட்டையில்தானே இருக்கிறது என்றார். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ராவுத்தரிடம் இடம் கேட்டிருக்கலாம். பரீட்சைத் தாள்கள் வீட்டில் திருத்தாமல் கிடந்தன, தலை வலித்தது, மல்லுக்கட்டத் தெம்பில்லை. இருபது கட்டுகளை மட்டும் எடுத்துவந்து என் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். அதற்கு மேல் கயிறு கட்ட அங்கே இடமில்லை.

ஆவணியில் ராவுத்தர் ஷெட்டுக்கு வந்தார். முதல் மூட்டையில் கையை விட்டவர் உதறிக்கொண்டே வெளியே வந்தார். மேலே இருந்ததெல்லாம் சாக்குக்குள்ளேயே பச்சையாக முளைவிட்டிருந்தது. அடியில் இருந்தது கறுத்துக் கூழாகிக் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்ம கடைக் கிட்டங்கியிலேயே பரண் கட்டித் தந்திருப்பேனே என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். என் வீட்டிலிருந்த இருபது கட்டுகளை நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். அது விறகுக்குக் காணும், அறைக்குக் காணாது.

சங்கம் கூடியது. எல்லாம் ஈசுவரன் சித்தம் என்றார் தலைவியம்மா. அறை எடுப்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்து, கையிலிருந்த பணத்துக்குக் கம்பளி வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். எழுதியது நான். கம்பளி கொடுத்த அன்று பெயர் கூப்பிட்டதும் நான். எனக்கு அவர்கள் பதினாலு பேர் மேலும் கோபமாக வந்தது. அந்தக் கோபம் ரொம்ப நாள் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

புரட்டாசி கடைசியில் மூத்தவளின் புருஷன் அறையைப் பற்றி விசாரிக்க வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். ஷெட்டில் நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, சரிங்க என்றான். அப்புறம், "இப்ப ரெண்டு பொம்பளைகளையும் என்னங்க பண்றது?" என்றான்.

எனக்கு இருந்தது ஓர் அறை, அதை ஒட்டி ஓர் அடுப்படி.

"ஒருத்தின்னா இங்க வந்து இருக்கட்டும். ரெண்டு பேருக்கு எடம் பத்தாது" என்றேன்.

அவன் வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தான். இரண்டு பறிகொடுத்தவள் வரட்டும், சின்னவள் திடமான உடம்பு, வலி கண்டதும் தூக்கி வந்துவிடலாம் என்று அவனே ஒரு முடிவுக்கு வந்தான். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

ஐப்பசி முதல் வாரம் மூத்தவள் வந்தாள். உள்ளதைச் சொல்கிறேன், அவள் இருந்த நாட்கள் எனக்குப் பாரமாகத்தான் இருந்தன. வெள்ளனே எழுந்து பாத்திரத்தை உருட்டுவாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் தரையைக் கழுவிவிடுவாள்; அது நாள் முழுக்கக் காயாது. மழை விடவில்லை. துணி உலரவில்லை. நாற்பது பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தால் வீட்டில் ஒருத்தி பேச்சுத்துணைக்குக் காத்திருப்பாள். சின்னவளுக்கு அந்த ஓடை என்றாலே பயம் என்று ஒரு நாள் சொன்னாள். அவளையும் வரச் சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுபடி கேட்கவில்லை.

மாதக் கடைசியில் ஒரு காலை, நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று ஆள் வந்து சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள். சந்தோஷமா அலுப்பா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தலைவியம்மா கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். சங்கத்தின் முயற்சியால் மேல்மலைத் தாய் ஒருத்திக்குத் தங்க இடம் தரப்பட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

இளையவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மேல்மலைப் பாதை மழையில் சரிந்து ஆள் நடமாட்டம் நின்றுபோயிருந்தது. மூத்தவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை கடைசியில், பிள்ளைக்கு முப்பதாம் நாள் கழிந்து, புருஷன் அவளைக் கூட்டிப்போக வந்தான். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். அவன் பின்னால் இளையவள் வந்தாள். வயிறு வற்றியிருந்தது. கையில் பிள்ளை இல்லை. மூத்தவள் ஓவென்று அழுதாள், இளையவள் அழவில்லை. அவன்தான் நடந்ததைச் சொன்னான். வலி கண்டதும் தூளி கட்டித் தூக்கியிருக்கிறார்கள். பாதை சரிந்த இடத்தில் சுற்றிப்போகப் போய் நேரமாகிவிட்டது. ஓடைக்கரையிலேயே பிறந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லையாம். அங்கேயே குழி வெட்டி வைத்துவிட்டு, தாயைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

மூத்தவள் துணிகளை மூட்டை கட்டினாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். இளையவள் பின்னாலேயே வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அவள் ஓரகத்தியின் பாய் சுருட்டி வைத்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் விறகு அடுக்கியிருந்தேன். அவள் இரண்டையும் பார்த்தாள்.

"இங்கன எனக்கும் எடம் இருந்திருக்கும்ல, டீச்சரம்மா?" என்றாள்.

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. பதினாலு வீட்டு ஆசாரம், ஷெட், சாரல், கம்பளி. எல்லாம் உண்மைதான். ஆனால் புரட்டாசியில் அந்த மனுஷன் வாசலில் நின்று கேட்டபோது அவர்கள் யாரும் என் பக்கத்தில் இல்லை. விறகை வெளியே எடுத்துப்போட்டால் இன்னொரு பாய் விரிக்கலாம் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். இரண்டு பேருக்கு வடித்துப்போட வேண்டும், இரண்டு பேர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நினைத்தபோதே அலுத்துப்போயிற்று. அதனால்தான் ஒருத்தி என்றேன்.

"இருந்துச்சும்மா" என்றேன். "நாந்தான் பத்தாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் அறைக்குள் போய், மூத்தவளிடமிருந்து பிள்ளையைத் தன் கையில் வாங்கிக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, "வெரசா வாக்கா, இருட்டுறதுக்குள்ள ஓடையைத் தாண்டிறணும்" என்றாள்.