நீலக் கூரை

மகள் பாலர் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டிய கிறிஸ்மஸ் மாட்டுக்கொட்டிலுக்காகக் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். அந்த மணத்தோடு, சுனாமிக்குப் பிறகு சல்லிக் கிராமத்தில் நாங்கள் இருந்த முகாம் நினைவில் வந்தது: காற்றில் படபடக்கும் நீலத் தறப்பாள் கொட்டில்கள், அவற்றில் ஒன்றுக்குள் பால்மாப் பெட்டிகளை வெட்டி, பசை ஒட்டிய விரல்களை நக்கியபடி, அடுத்த வருசக் கிறிஸ்மஸுக்கு இதே மாட்டுக்கொட்டிலைச் செய்துகொண்டிருந்த சிறுபிள்ளைகள் நாங்கள். கூரைக்குப் பூச ரீச்சர் மண்ணிறம் தந்தார். எல்லோரும் நீலமே பூசினோம். ஏனென்று கேட்டார்.

"வீடெண்டா நீலந்தானே, ரீச்சர்," என்றேன்.

அவர் மண்ணிறப் போத்தலை மூடிவைத்தார்.

முகாம் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா விடுதி. இன்றும் என் கை தன்பாட்டில் நீலத்தைத்தான் எடுத்தது. மகள் சிரித்தாள்.

"நீலக் கூரை போட்ட வீடு எங்கையம்மா இருக்கு?"

"இப்ப இல்லை," என்றேன்.